ஃபேன் சுவிட்ச் வாங்கும்போது டிகிரியையும் பில்லையும் கேளுங்கள்

வண்டி ஓடும்போது வெப்ப முள் நடுவில் நிற்கிறது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் மேலே ஏறுகிறது. மறுபடி நகர ஆரம்பித்ததும் இறங்கிவிடுகிறது. இப்படி நடந்தால் ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாக வந்து மோதும். நிற்கிற வண்டிக்கு அதை ஃபேன்தான் இழுத்துத் தரவேண்டும். அந்த ஃபேன் எப்போது ஓடவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்வது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைச் சுவிட்ச். சில நூறு ரூபாய்க்கே கிடைத்துவிடும். அது சொதப்பினால் ஹெட் கேஸ்கெட் போகும். மாருதி 800 போன்ற அலுமினிய ஹெட் வண்டியென்றால் ஹெட்டே வளையும்.

இந்தச் சுவிட்ச் எல்லாப் பழைய கார்களிலும் இருப்பதில்லை. அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவற்றில் இன்ஜின் பெல்ட்டே ஃபேனைச் சுற்றும், சுவிட்சுக்கு வேலையில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 போன்ற, இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும் முன்சக்கர வண்டிகளில்தான் ஃபேன் மின்சாரத்தில் ஓடும். அந்த முதல் மாருதிகளையும் இப்போது ஆசையாகத் தேடி வாங்கிச் சீரமைக்கிறார்கள். இன்னொரு கூட்டம், அம்பாசடருக்கும் பத்மினிக்கும் சிறிய கார்களின் எலெக்ட்ரிக் ஃபேனை மாட்டுபவர்கள். என்னைக் கேட்டால், ரேடியேட்டர் சுத்தமாக இருந்து, பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் சரியாக இருந்தால் அம்பாசடருக்கு அது தேவையே இல்லை. ரேடியேட்டர் குழாய்களில் அடைத்திருக்கும் உப்பை எடுக்காமல் ஃபேன் மாட்டுவது காசுக்குக் கேடு. கல்யாண ஊர்வலத்துக்கு மணிக்கணக்கில் ஊர்ந்து போகும் வண்டி என்றால் சரி, மாட்டலாம்.

போனது சுவிட்ச்தானா?

வாங்கப் போவதற்கு முன் ஒரு சோதனை. சுவிட்சில் இரண்டு வயர் இருந்தால் அவற்றைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ஒற்றை வயர் என்றால் அதன் முனையை இன்ஜினின் வெறும் உலோகத்தில் தொடுங்கள். பெரும்பாலான ஒற்றை வயர் சுவிட்சுகள் எர்த் கொடுத்துத்தான் வேலை செய்கின்றன. ஃபேன் ஓடினால் குற்றவாளி சுவிட்ச். ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார், எர்த் வயர் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். புதுச் சுவிட்ச் அந்தக் கோளாறு எதையும் தீர்க்காது.

இதைச் செய்யும்போது விரல், துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை எதுவும் ஃபேன் பக்கம் போகக்கூடாது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூட்டினால் ஃபேன் திடீரென்று சுற்றும். ஃபேன் அருகே கை வைக்கும் எந்த வேலைக்கும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் துணி போட்டுத் திறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அது குக்கர் மாதிரி, அழுத்தம் இறங்குவதற்குள் திறந்தால் கொதிநீர் முகத்துக்குத்தான் வரும்.

மெக்கானிக் கடைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. “சுவிட்ச் எதுக்கு சார், டைரக்ட் கொடுத்துடலாம்” என்பார்கள். சாவி போட்டதும் ஃபேன் நிற்காமல் ஓடும். வீடு போய்ச் சேர அது போதும். நிரந்தரமாக விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், பேட்டரிக்கும் பாரம். இதைவிட மோசமான யோசனை தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. அதைச் செய்தால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும்.

எத்தனை டிகிரி?

கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலை இல்லை, டிகிரி. சுவிட்சின் உடம்பிலோ அறுகோண விளிம்பிலோ 92/87, 95/90, 88/83 என்று இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண்ணில் ஃபேன் ஓடும், இரண்டாவதில் நிற்கும். உள்ளே இருப்பது இரண்டு உலோகங்களை ஒட்டிய சிறு தகடு. சூடானதும் சட்டென்று வளைந்து இணைப்பைக் கொடுக்கும். எண்ணே இல்லாத சுவிட்சை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

எந்த எண் என்பது சுவிட்ச் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. இன்ஜினிலிருந்து சுடுநீர் வெளியேறும் பக்கம் என்றால், ஃபேன் நிற்கும் டிகிரி தெர்மோஸ்டாட் திறக்கும் டிகிரியைவிட மேலே இருக்கவேண்டும். 82-இல் திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கும் வண்டிக்கு 92/87 பொருந்தும். அதே வண்டிக்கு 78-இல் நிற்கும் சுவிட்சைப் போட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது, ஏனென்றால் தெர்மோஸ்டாட் தண்ணீரை அந்த அளவுக்குக் குளிரவே விடாது. ரேடியேட்டரின் கீழ்த் தொட்டியில் உட்கார்ந்தால் கதை வேறு. அங்கே வரும் தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்தது. ஐந்து முதல் பத்து டிகிரி குறைத்துக் கணக்கிட வேண்டும். கீழ்த் தொட்டி 92-ஐத் தொடும்போது இன்ஜினுக்குள் நூறை நெருங்கியிருக்கும்.

புதிய கார்களுக்கு நூறு ஒரு பிரச்சினையே இல்லை. அவற்றின் ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 பார் அழுத்தமோ அதற்கு மேலோ தாங்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த வண்டிகளின் மூடி பலவும் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 பவுண்டு அழுத்தத்துக்கானவை. 7 பவுண்டு மூடி இருந்தால் கொதிநிலை 111 டிகிரி அளவில் நின்றுவிடும், மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அதுவும் இல்லை. எனவே புதிய காருக்கு வந்த 100 டிகிரி சுவிட்சை “எல்லாத்துக்கும் செட் ஆவும் சார், போட்டுப் பாருங்க” என்று கொடுத்தால் வாங்காமல் வந்துவிடலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகமண்டலம் ஏறுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடி கசிந்தால் உங்கள் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான்.

டிகிரிக்கு அடுத்தது மரை. ஐரோப்பிய வழி வந்த சுவிட்சுகளில் எம் 22, ஜப்பானிய வழியில் எம் 16 அதிகம். வேறு அளவுகளும் உண்டு. பழைய சுவிட்சைக் கையோடு எடுத்துப் போவதுதான் வழி. மரை பொருந்தவில்லை என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றித் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை வயர் சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாக என்பதால் டேப் அதைத் தடுத்துவிடக்கூடும். செம்பு வாஷர் போட்டு, அளவாக முறுக்குங்கள். பித்தளைத் தொட்டியில் பற்றவைத்த பழைய மரை வளையம் அதிகப் பலத்தைத் தாங்காது. தொட்டி பிளாஸ்டிக் என்றால் எர்த்துக்கே வழியில்லை. இரண்டு முனைச் சுவிட்ச்தான் வேண்டும்.

ரிலே இல்லாத சிக்கனம்

மலிவான சுவிட்ச் கெட்டுப்போவதற்குப் பல நேரம் தரம் காரணமாக இருப்பதில்லை. அதன் தலையில் ஏற்றிய சுமைதான் காரணம். 80 வாட் ஃபேன் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். சுற்ற ஆரம்பிக்கும் கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. அவ்வளவும் அந்தச் சின்னத் தகடு வழியாகப் போனால் தொடும் இடம் கருகும். கருகி இணைப்பு விட்டுப்போனால் ஃபேன் ஓடாது. உருகி ஒட்டிக்கொண்டால் ஃபேன் நிற்காது. நடுவில் 30 ஆம்பியர் ரிலே ஒன்றைப் போட்டால் சுவிட்ச் சுமப்பது அரை ஆம்பியருக்கும் கீழே. பேட்டரியிலிருந்து ரிலேவுக்கு வரும் வயரில், பேட்டரி பக்கமாகவே ஃபியூஸ் இருக்கவேண்டும். ஃபியூஸ் இல்லாமல் இழுத்த வயர் எங்காவது உரசித் தோல் போனால் பானெட்டுக்குள் தீ. நூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

மிகப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்க்கவேண்டும். ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால், நிற்கும் வண்டியில் அது ஏறக்குறைய எதுவுமே தயாரிக்காது. ஃபேன் அதிகம் தேவைப்படுவதோ நிற்கும்போது. மழையில் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் மூன்றும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். அடுத்து, 1960-களின் பிற்பாதி வரை வந்த பல பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். சாதாரணத் தகட்டுச் சுவிட்சுக்கு அது பிரச்சினை இல்லை. எலெக்ட்ரானிக் கன்ட்ரோலரை அதில் தலைகீழாகக் கொடுத்தால் ஒரு கணத்தில் புகைந்துவிடும். ஃபேனும் எதிர்ப்பக்கம் சுற்றி, வரும் காற்றையே முட்டித் தள்ளும்.

எதை வாங்கலாம் என்றால், என் தேர்வு சாலையில் இன்றும் அதிகம் ஓடும் ஒரு காருக்கு வரும் திருகுச் சுவிட்ச். லட்சக்கணக்கில் தயாராவதால் விலை குறைவு, நாளைக்கும் கிடைக்கும். ரேடியேட்டர் கடையில் அதற்கேற்ற மரை வளையத்தைப் பற்றவைத்துக்கொள்ளலாம். குமிழ் திருகி டிகிரியை மாற்றும் வகை, நுனியை ஹோஸுக்குள் செருகுவது, பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். செருகிய இடத்தில் கசிவு வரும், அதிர்வில் குமிழ் நகரும், எண்ணும் சரியாகப் போட்டிருக்கமாட்டார்கள். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் துல்லியமானது. நல்ல கம்பெனிப் பொருளுக்குக் காசு கொடுக்க மனமிருந்தால் மட்டும் அது. புதுப்பேட்டையில் பழைய ஃபேன், கூண்டு, பிராக்கெட் எல்லாம் தாராளமாக வாங்குங்கள். பழைய சுவிட்ச் மட்டும் வேண்டாம், அதன் ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்லமுடியாது.

கவுன்டரில் உங்கள் உரிமை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடாக இருந்தாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையாக இருந்தாலும் சட்டம் ஒன்றே. பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு எண் ஆகியவை இருக்கவேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதும் வேண்டும். வெறும் பாலித்தீன் உறையில் “ஒரிஜினல்” என்று மட்டும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது யாருடைய ஒரிஜினல் என்று கேளுங்கள்.

அடுத்தது பில். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?” என்பது கவுன்டரில் வழக்கமாக வரும் மிரட்டல். அதிகபட்ச விலை என்று அச்சிட்ட தொகையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பதும் குற்றம். பில் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. துண்டுச் சீட்டில் “ஸ்விட்ச் 1” என்று கிறுக்கித் தருவது போதாது. கம்பெனி பெயர், பார்ட் நம்பர், டிகிரி மூன்றும் பில்லில் வரட்டும். எழுதச் சொன்னால் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைதான். ஆனால் குறை வேறு, உங்கள் தவறான தேர்வு வேறு. 92 என்று அச்சிட்ட சுவிட்ச் 104-இல் இணைந்தால் அது குறை. உங்களுக்கு 88 வேண்டியிருக்க 92 கேட்டு வாங்கினால் மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் விற்பவர் திரும்ப எடுக்கவேண்டும் என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். வாங்கிய அன்றே விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள்.

குறையை நிரூபிக்க லேப் தேவையில்லை, அடுப்பு போதும். இனி சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சுவிட்சின் மரைப் பகுதி மட்டும் முங்கும்படி கம்பியில் தொங்கவிடுங்கள். அடியில் தொடக்கூடாது. முனைகளில் மல்டிமீட்டரை, இணைப்பு கிடைத்தால் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து மாட்டுங்கள். ஒற்றை முனை என்றால் ஒரு கம்பியை சுவிட்சின் உடம்பில் மாட்டவேண்டும். சமையலுக்கு விற்கும் 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டரைச் சுவிட்சின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு தீயைச் சிறிதாக வைத்துச் சூடாக்குங்கள். எந்த டிகிரியில் ஒலிக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுப்பை அணையுங்கள், எதில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒலிக்கவே இல்லை, அல்லது ஒலித்தது நிற்கவே இல்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். பொறித்த எண்ணும் தெர்மாமீட்டரும் ஒரே சட்டத்தில் தெரியும்படி செல்போனில் வீடியோ எடுத்துவிட்டால் கடைக்காரரிடம் வாக்குவாதமே வராது. மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்வது உத்தமம்.

இன்ஜினே போய்விட்டால்

சுவிட்ச் வேலை செய்யாமல் ஹெட் வளைந்தது என்று வையுங்கள். 2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் உங்கள் மற்ற உடைமைக்கு ஏற்பட்ட சேதத்துக்குத் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியவில்லை என்றால் பொறுப்பு விற்றவர் மேல் வரும். பெயரில்லாப் பாக்கெட்டை விற்கும் கடைக்காரர்கள் பலர் இதை அறிவதில்லை. ஆனால் அதே அத்தியாயத்தில் உங்களுக்கு எதிரான ஒரு வரியும் உண்டு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர்மீது அந்த வழக்கு நிற்காது. ரிலே போடச் சொன்ன சுவிட்சில் ஃபேனை நேராகக் கொடுத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் வயரிங் படத்தைத்தான் கேட்பார்.

கெட்டுப்போன சுவிட்சை மெக்கானிக் குப்பையில் போடுவதற்குள் வாங்கிவிடுங்கள். அது உங்கள் முதல் சாட்சி. தேவைப்பட்டால் ஆணையமே அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும். மெக்கானிக் என்ன கண்டார் என்பதை அவர் கடை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தவறு அவருடைய மாட்டலில் என்றால் சேவைக் குறைபாடு என்று அவர்மீதும் புகார் செய்யலாம்.

முதலில் கடைக்காரரிடமும் கம்பெனியிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். வெறும் சுவிட்ச் விலைக்காக என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம், அலைச்சலுக்குக் கட்டுப்படியாகாது. இன்ஜின் வேலையின் பில் கையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வக்கீல் இல்லாமலும், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். மும்பையிலிருந்து தபாலில் வரவழைத்த பொருளுக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்யவேண்டும். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும். பிரபல கம்பெனியின் பெயரை ஒட்டிய போலி என்று தெரிந்தால் அந்தக் கம்பெனிக்கும் படத்தோடு எழுதுங்கள். வணிகக் குறிச் சட்டம், 1999-இன்படி போலிக் குறியோடு விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இன்ஷூரன்ஸை நம்பவேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசி, இயந்திரக் கோளாறையும் மின் கோளாறையும் விலக்கிவைக்கிறது. ஓவர்ஹீட்டில் போன ஹெட்டுக்குப் பணம் வராது. தீப்பிடித்தால் வரும். ஆனால் கம்பெனி மாட்டாத எலெக்ட்ரிக் ஃபேனை நீங்கள் மாட்டியிருந்தால் பாலிசி புதுப்பிக்கும்போது அதன் மதிப்பைச் சொல்லி, அதற்கான கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பொருளுக்கு ஈடு கிடைக்காது.

பழைய காரைக் கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு விடுபவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நாங்கள் நுகர்வோரா? ஒரு வண்டியை வைத்து நீங்களே ஓட்டிப் பிழைத்தால் ஆம், சுயதொழிலுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. பத்து வண்டியும் டிரைவர்களும் வைத்து நடத்துகிற கம்பெனி என்றால் அது வணிக நோக்கம் ஆகிவிடும். அவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.